நான்காவது குண்டு

தகர டப்பாவில் மெழுகு உருகிவிட்டது. கொழுப்புதான் இன்னும் ஒரு கட்டியாக நடுவில் மிதந்தது. கைகள் அவசரப்படவில்லை. மூங்கில் குச்சியால் ஒரே திசையில் கிளறிக்கொண்டிருந்தன. கட்டி கரைந்ததும் ஒரு துளியை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, உறைந்ததை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தன. நகத்தில் ஒட்டிக்கொண்டால் மெழுகு அதிகம். வழுக்கிப் போனால் கொழுப்பு அதிகம். இந்தத் துளி ஒட்டவும் இல்லை, வழுக்கவும் இல்லை. கைகள் டப்பாவை அடுப்பிலிருந்து இறக்கின. சோடா மூடி அளவில் வெட்டி அடுக்கியிருந்த வெள்ளைத் துணி வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோய்த்து, இரண்டு பக்கமும் வழித்து, தட்டில் பரப்பின.

கைகளுக்குச் சொந்தக்காரர் தனசேகரன். ஐம்பத்தெட்டு வயது. யாங்கூன் பபேடானில் ஒரு குறுக்குத் தெருவில், கீழே மனைவி அம்சவேணியின் சலவைக் கடை, மேலே வீடு. அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். தனசேகரன் எந்தப் பட்டறையிலும் தொழில் படிக்கவில்லை. தையல் மிஷினைப் பிரித்துப் பார்த்துப் பழகினார், பூட்டைப் பிரித்துப் பார்த்துப் பழகினார். ஒரு நாள் சினிமாக் கம்பெனி ஒன்றில் குதிரை வண்டிச் சக்கரம் கழன்றதென்று கூப்பிட்டார்கள். போனவர் முப்பது வருடமாக அங்கேயே படப்பொருள்களைச் செய்துகொண்டிருக்கிறார். ஓடாத கடிகாரம், வெட்டாத வாள், திறக்காத பெட்டி. கேமராவுக்கு நிஜம் மாதிரித் தெரிந்தால் போதும் என்பதே இத்தனை நாள் அவருடைய வேலை.

2019 ஜனவரியில் வந்த வேலை அப்படிப்பட்டதல்ல. கதை நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வேட்டைக்காரனைப் பற்றியது. மேமியோவில் ஒரு பழைய பங்களாவிலிருந்து உரிமத்தோடு இரவல் வாங்கிய துப்பாக்கி, வாய்வழியாகக் கெட்டிக்கும் வகை. குழலுக்குள் வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்ப் பசையுள்ள துணி வில்லையில் ஈயக் குண்டைப் பொதிந்து, நீளக் கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். குழலின் உட்புறம் புரி வெட்டியிருக்கும். துணி அந்தப் புரியைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்பும். வேட்டைக்காரன் நான்கு முறை கெட்டித்து நான்கு முறை சுடுவதை இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாக இருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் டாலா வயலில் உயரமான மண் கரையை நோக்கிச் சுடுவது. வியாழக்கிழமை படப்பிடிப்பு.

சிக்கல் மருந்துக் கரியில் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் குழலுக்குள் கரி படிகிறது. மூன்றாவது குண்டு பாதி வழியில் நின்றுவிடும். நின்ற குண்டைச் சுடக் கூடாது, குழல் பிளந்துவிடும். தண்ணீர் ஊற்றி மருந்தைக் கெடுத்து, கோல் நுனியில் திருகாணி மாட்டிக் குண்டைக் குடைந்து இழுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போகும்.

"சயா, நாலு தடவை போகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க," என்றான் உதவி டைரக்டர் கோ பியே சோன், பர்மியில். சயா என்றால் வாத்தியார். "பொம்மைத் துப்பாக்கி வச்சு எடுத்துடலாம். புகையைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்."

"போகும்," என்றார் தனசேகரன். எல்லோர் முன்னாலும் சொன்னார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, தான் செய்யும் பொருள் கேமரா முன்னால் நிஜமாகவே வேலை செய்யப்போகிறது. அதைப் பொம்மைக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

படப்பிடிப்புக்கு முன்பே அதே வயலில், போலீஸ்காரர் முன்னால், சுட்டுச் சோதித்தார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதை நோட்டில் எழுதுவார். சுட்டு முடிந்ததும் மண்ணில் கிடக்கும் துணி வில்லைகளைப் பொறுக்கி, தேதி போட்ட உறையில் வைப்பார். வில்லையில் வாஸ்லின் தடவியபோது கரி தார் மாதிரிக் கெட்டியானது. தேங்காய் எண்ணெய் குழல் சூட்டில் ஓடிப்போனது. கடைசியில் தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்தார். கொழுப்புக்கு காஜா மைதீனின் கறிக்கடை.

"கறி வேணாம், கொழுப்பு மட்டும் குடுங்கிறவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்யா," என்றார் காஜா மைதீன்.

"துப்பாக்கிக்கு, பாய்."

"ஆடுதான் செத்துப்போச்சே. இன்னும் அதைச் சுடணுமா?"

தானே துவைத்து வீட்டில் கட்டும் பழைய லோஞ்சிக் கைலி ஒன்றைக் கிழித்து வில்லை வெட்டி, அந்தக் கலவையில் தோய்த்துச் சுட்டார். ஐந்து குண்டு வரிசையாக இறங்கின. கரி மாவு போல் இளகி, அடுத்த வில்லையோடு கீழே போய்விட்டது. ஆனால் லோஞ்சி தீர்ந்துபோனது. அதே கனமுள்ள வெள்ளைக் காடா வாங்கினார். புதுத் துணியில் தறிப் பசை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அம்சவேணியிடம் கொடுத்து வெளுக்கச் சொன்னார். திங்கட்கிழமை அந்தத் துணியை வைத்துச் சுட்டார். மூன்றாவது குண்டு பாதியில் நின்றது.

பனிக்காலத்துக் காற்று உலர்ந்துவிட்டதோ என்று நினைத்தார். லோஞ்சி வில்லையால் சுட்ட நாளும் அதே காற்றுதான். மருந்து அதே டப்பா. துணியின் பசை வெளுத்ததில் போயிருக்கும். மீதி, புதிதாக வாங்கிய கொழுப்புதான். செவ்வாய் காலையில் கறிக்கடைக்குப் போனார்.

"பாய், இந்தத் தடவை குடுத்ததுல உப்பு கிப்பு பட்டிருக்குமா?"

காஜா மைதீன் கத்தியைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருசமா இந்தக் கட்டையில வெட்டுறேன். கொழுப்பு நல்லா இல்லேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. உன் துப்பாக்கி சுடலேன்னா அதுக்கு என் ஆட்டைக் குத்தம் சொல்றியா?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

"கேட்ட மாதிரி இல்ல. போலீசு மாதிரி இருக்கு. போ, போய் உன் கையைப் பாரு."

வீட்டுக்கு வந்து உறைகளைப் பிரித்தார். லோஞ்சி வில்லைகள் நடுவில் கறுத்து, ஓரம் கருகாமல், முழுசாக இருந்தன. காடா வில்லைகளில் நடுவே ஓட்டை. ஓரம் பழுப்பாகி, மடித்தால் அப்பளம் போல் ஒடிந்தது. தோய்க்காத காடாவை எடுத்து ஒரு துளித் தண்ணீர் விட்டார். துளி உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. தண்ணீரே இறங்காத துணியில் கொழுப்பு எப்படி இறங்கும்? ஒடிந்த வில்லையை மோந்து பார்த்தார். கந்தக நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. தினமும் மாடிப்படி ஏறி வரும் வாடை. இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றால் சட்டைக் காலரில் எழும் வாடை.

கீழே இறங்கிப் போனார்.

"அம்சா, அந்த வெள்ளைத் துணிய எப்படி வெளுத்தே?"

"எப்படி வெளுப்பாங்க? சோடாவுல ஊறவச்சு, அடிச்சு, அலசி, கஞ்சி போட்டு, காயவச்சு, பெட்டி போட்டேன்."

"கஞ்சி போடச் சொல்லலியே நான்."

"வேணாம்னும் சொல்லலியே நீங்க." அம்சவேணி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கஞ்சி இல்லாம இந்தக் கடைய விட்டு ஒரு கைக்குட்டையாவது போயிருக்கா? அம்சவேணிக்குக் கை விழுந்துபோச்சும்பாங்க."

"இது சட்டை இல்லடி. துப்பாக்கிக்குள்ள போறது. கஞ்சி கருகி ஓடு மாதிரி ஒட்டிக்குது."

"எனக்கென்ன தெரியும்? சினிமாவுக்குன்னீங்க. சினிமாவுல எல்லாரும் பாப்பாங்களேன்னு ரெண்டு கை அரிசி கூடப் போட்டு வடிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும், அவள் கையில் துணியைக் கொடுத்தால் அது விறைப்பாகத்தான் திரும்பி வரும் என்பது தோன்றவில்லையே. மீதிக் காடாவைக் கொடுத்து, கஞ்சியை எடுக்க முடியுமா என்று கேட்டார்.

"போடத் தெரிஞ்சவளுக்கு எடுக்கத் தெரியாதா?"

மூன்று தடவை கொதிநீரில் போட்டாள். ஒவ்வொரு தண்ணீரையும் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, கொழகொழப்பு நின்ற பிறகே பிழிந்தாள். பெட்டி போடவில்லை. புதன் காலையில் துணியைக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"துவண்டு கெடக்கு, பாக்கவே சகிக்கல. யாரு வெளுத்ததுன்னு கேட்டா என் பேரச் சொல்லாதீங்க."

தனசேகரன் துளித் தண்ணீர் விட்டார். விட்ட கணமே மறைந்துவிட்டது. வெட்டுவதற்கு முன் கறிக்கடைக்குப் போனார்.

"கொழுப்புல ஒண்ணுமில்ல பாய். எங்க வீட்டுக் கஞ்சிதான்."

காஜா மைதீன் எலும்பை வெட்டி முடித்தார். பிறகு, "ஆட்டுகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றார்.

"உங்ககிட்ட கேக்குறேன்."

"சரி சரி. டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போ."

வியாழன் காலை முதல் படகில் டாலாவுக்குப் போனார். துப்பாக்கி போலீஸ்காரரோடு வேனில் வந்திருந்தது. வில்லை டப்பா மட்டும் அவர் மடியில். வயலில் கேமரா தயாராக நின்றது. பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் பொம்மைத் துப்பாக்கியும் தயாராக இருந்தது. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க நாலு சுடுங்க, சயா. அப்புறம் முடிவு பண்றேன்," என்றார்.

முதல் குண்டு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மண் கரையில் புழுதி எழுந்தது. புகை ஆற்றுப் பக்கம் போனது. மூன்றாவதை வைத்துக் கோலை ஊன்றினார். குழல் நடுவில் லேசான பிடிப்பு. தனசேகரன் கோலை இழுக்கவில்லை, இடிக்கவும் இல்லை. அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தார். பிடிப்பு தளர்ந்து குண்டு அடியில் போய் உட்கார்ந்தது. கோலில் அவர் கீறி வைத்திருந்த அடையாளம் குழல் வாய்க்கு நேராக நின்றது. சுட்டார்.

நான்காவது குண்டு இரண்டு விரல் அழுத்தத்திலேயே இறங்கியது.

"அடேயப்பா, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி!" என்றான் கோ பியே சோன். டைரக்டர் பொம்மைத் துப்பாக்கிப் பெட்டியை வேனுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

தனசேகரன் சுட்ட வில்லைகளைத் தேடிப் பொறுக்கினார். நான்கும் முழுசாக இருந்தன. பிறகு ஈரத் துணியால் குழலை மூன்று முறை துடைத்து, உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்து, கடைசித் துணி வெள்ளையாக வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு எழுந்தார். வேட்டைக்காரனாக நடிக்கும் இளைஞர் கோ நாய் லின் தலைப்பாகையோடு காத்திருந்தார்.

"நடுவுல பிடிச்சா பயப்படாதீங்க," என்றார் தனசேகரன். "இழுக்காம, இடிக்காம, அப்படியே அழுத்துங்க. கோல்ல இருக்கிற இந்தக் கீறல் குழல் வாய்க்கு நேரா வந்தா சுடலாம். கீறல் வாய்க்கு மேலேயே நின்னுச்சுன்னா, கேமரா ஓடினாலும் சரி, சுடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க."

"சரி, சயா."

பர்மிய மரியாதைப்படி இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு முதலில் வில்லை டப்பாவை நீட்டினார். இளைஞர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு, குழல் வாய் வானத்தைப் பார்க்க, துப்பாக்கியைக் கொடுத்தார்.