காக்கா போட்ட நாலு நட்சத்திரம்

ஐந்துக்கு நாலு என்றால் நூற்றுக்கு எண்பது. நான் படித்த காலத்தில் கணக்கில் எண்பது எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாப்பா கடைக்குப் போய் இனிப்புத் தொதல் வாங்கி வருவார். அந்த நினைப்பில்தான், எங்கள் மேல்மாடியில் தங்கிய ஒருவர் முதன்முதலாக நாலு நட்சத்திரம் போட்டபோது நானும் என் வீட்டுக்காரரும் குளிர்ந்துபோய் அவருக்கு நன்றி எழுதினோம். கட்டாரில் இருக்கும் மகள் போனில் கத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது.

"உம்மா, நாலெண்டா பெயில். அவர் ஒங்களப் பெயிலாக்கிப்போட்டுப் போயிரிக்கார். அதுக்குப் போய் நன்றி சொல்லியிரிக்கீங்க."

நாட்டு நெருக்கடியில் கல்முனை பஸாரில் இருந்த எங்கள் புடவைக் கடையை மூட வேண்டி வந்தது. மேல்மாடி சும்மா கிடந்தது. பாசிக்குடாவிலிருந்து அறுகம்பைக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் நடுவில் ஓர் இரவு படுத்துப்போக இடம் தேடுகிறார்கள் என்று மகள்தான் கண்டுபிடித்தாள். படம் எடுத்து ஒரு கம்பனியின் ஆப்பில் போட்டும் விட்டாள். வருகிறவர்கள் தொடர்ந்து ஐந்து ஐந்தாகப் போட்டால் கம்பனி நம் வீட்டுக்கு ஒரு முத்திரை குத்தும். முத்திரை உள்ள வீடு முதல் பக்கத்தில் தெரியும். அது போய்விட்டால் வீடு எங்கோ அடியில் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. மேல்மாடி சும்மா கிடந்தால் கீழே அடுப்பும் சும்மா கிடக்கும் என்ற நிலையில் நாங்கள் இருந்தோம்.

அதனால் ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் எங்கள் வீட்டில் மையித்து விழுந்த மாதிரி, சாவு வீடாக இருக்கும். என்னென்னவற்றுக்கெல்லாம் வெட்டினார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தரையில் மண் என்று ஒருத்தி வெட்டினாள். கடலுக்குப் போய்விட்டுக் கால் கழுவாமல் படியேறியது அவள்தான். பக்கத்து வீட்டுச் சேவல் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே கூவியதற்கு ஒன்று. காலைச் சாப்பாடு உறைப்பு என்று ஒன்று. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், எல்லாமே நன்றாக இருந்தது, ஆனால் எதற்கும் முன்னேற இடம் இருக்க வேண்டும் என்பதால் நாலு என்று எழுதினார். அந்த மனிதர் தன் மனைவி ஆக்கிய சோற்றுக்கு நாலு போட்டுவிட்டு மேசையிலிருந்து எழும்பிப் பார்க்கட்டும்.

மண்காரிக்கு நான் ஒரு பதில் எழுதினேன். கால் கழுவக் குழாய் படியடியிலேயே இருக்கிறது, கண் இருந்தால் தெரியும் என்று. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் மகளிடம் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, இனிமேல் உம்மா எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லி, தன் வாப்பாவின் போனுக்கு ஒரு பதிலை எழுதி அனுப்பிவிட்டாள். யார் என்ன குறை சொன்னாலும் அதை அப்படியே ஒட்ட வேண்டியதுதான். "அன்பான விருந்தினரே, உங்கள் கருத்துக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் சுட்டிக்காட்டிய குறையைத் திருத்திக்கொண்டு உங்கள் அடுத்த வருகைக்காகக் காத்திருக்கிறோம்." என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. புகழ்ந்தாலும் அதுதான், ஏசினாலும் அதுதான். நான் வாசித்து முடிப்பதற்குள் ஒட்டிவிடுவார்.

பதில் எழுதுவது பாதி வேலை. மற்றப் பாதி, போன நட்சத்திரத்துக்காக வீட்டை மாற்றுவது. படியில் கால்மிதி வந்தது. சேவலை ஒன்றும் செய்ய முடியாததால் கட்டில் பக்கத்தில் காதுப் பஞ்சு வந்தது. புட்டும் மீனாணக் கறியும் போய், வாட்டின பாணும் முட்டையும் வெட்டின பப்பாசியும் வந்தன. பூட்டைக் கழற்றிவிட்டு நம்பர் அமத்தித் திறக்கிற பூட்டு வைத்தோம். கடைசியாக, அலுமாரியில் வேறு யாருடையவோ உடுப்பு கிடக்கிறது என்று ஒருத்தன் ஒரு நட்சத்திரத்தை வெட்டினான்.

அந்த உடுப்பு என் காக்காவினுடையது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். இடுப்பில் கட்டுகிற இரண்டு சாரமும் ஒரு பெனியனும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். வாப்பா நேரத்தோடு மௌத்தாகிப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பாரம் காக்காவின் தலையில் விழுந்தது. மீசை முளைத்த கையோடு சவூதிக்குப் போனார். எனக்கு இந்த வீட்டைக் கட்டினார். பிறகு தங்கச்சிக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பார்த்து அங்கே ஒரு வீட்டைக் கட்டினார். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தன் கலியாணம் நினைவுக்கு வந்தது. அவரும் மச்சியும் பிள்ளைகளும் இப்போது அவுஸ்திரேலியாவில். இந்த ஊரில் அவர் பேரில் ஒரு சாண் நிலமில்லை. என் வீட்டுக்கு மேல்மாடி போட்டபோது கடல் பக்கம் பெரிய யன்னல் வைக்கச் சொன்னார். "நான் வந்தாக் கிடக்கிறத்துக்கு" என்றார். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து அங்கேதான் கிடப்பார். போகும்போது சாரத்தை அலுமாரியில் விட்டுவிட்டுப் போவார். போனில் கதைத்தால் முதல் கேள்வி, "ஊட்ட எல்லாரும் சுகமா?" அவுஸ்திரேலியாவில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, என் வீட்டைத்தான் வெறுமனே ஊடு என்பார்.

ஆப்பில் எல்லோரும் படம் பிடித்துப் போடுகிற யன்னல் அந்த யன்னல்தான். சாரத்தையும் பெனியனையும் எடுத்தேன். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் இரண்டு பழஞ்சாரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவை படி துடைக்கிற சீலையாயின.

அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பியர் குடிக்க விடவில்லை என்று மூன்று போட்டுவிட்டுப் போனார்கள். முத்திரை ஊசலாடத் தொடங்கியது. இன்னும் ஒருவர் குறைத்துப் போட்டால் எடுத்துவிடுவோம் என்று கம்பனி மரியாதையாக எழுதியிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ அவருக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: சொந்தக்காரர்களைக் கொண்டு பதியச் சொல்லி, ஐந்து போடச் சொல்ல வேண்டியதுதான், எல்லோரும் செய்வதுதான். காக்காவுக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், நீங்க வரவும் தேவல்ல. அங்க இருந்தே புக் பண்ணிப்போட்டு அஞ்சப் போட்டு விட்டாச் சரி."

"தங்காம எப்பிடி மச்சான் சாட்சி சொல்லுற? பெருநாளைக்குப் பொறகு எனக்கு லீவு இரிக்கி. ஊட்ட வந்து தங்கிப்போட்டே போடுறன்."

அப்படியே ஒரு முழுக் கிழமைக்கு, ஏழு நாளுக்கும் பதிந்து, அந்நியரைப் போலக் காசும் கட்டிவிட்டு வந்தார். மேல்மாடியை வாடகைக்கு விட்ட பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

நான் வீட்டைக் கழுவின கழுவலில் சுவரின் பெயின்ட் கழன்றிருக்க வேண்டும். காக்கா கட்டிய வீட்டை எப்படி வைத்திருக்கிறேன் என்று அவர் பார்க்க வேண்டும் என்ற பெருமை எனக்கு. ஒன்றும் குறைந்துவிடக் கூடாது என்ற பயம் என் வீட்டுக்காரருக்கு. இரண்டும் சேர்ந்து அந்த மனிதரை ஒரு வழி பண்ணிவிட்டோம்.

வந்து இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கதவடியில் நின்று கூப்பிட்டார். "தங்கச்சி, இது எப்பிடித் துறக்கிற?" என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நம்பரைச் சொன்னார். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ட சாரம் எங்க?"

அதற்கு நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். மருதமுனையில் வாங்கிய புத்தம் புதுச் சாரத்தை, கட்டிலில் வெள்ளைத் துவாய்க்கு மேலே, விருந்தாளிகளுக்கு மடிக்கிற மாதிரியே மடித்து வைத்திருந்தேன். "கட்டில்ல இரிக்கி காக்கா" என்று கீழேயிருந்து சொன்னேன். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனபோது பார்த்தேன். "அன்பான விருந்தினரே" என்று தொடங்குகிற, ஃபேனை நிறுத்தவும், சத்தம் போடாமல் இருக்கவும் சொல்கிற அட்டையைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். வந்த உடுப்போடுதான் இருந்தார்.

மறுநாள் காலையில் நேரே அடுக்களைக்கு வந்து, தேங்காய் துருவுகிற பலகையை இழுத்துப் போட்டுக் குந்தினார்.

"பழஞ்சோறு இரிக்கா?"

"நீங்க மேல போங்க காக்கா, நான் சாப்பாடு கொண்டு வாறன். இஞ்ச புகையா இரிக்கி."

"புகையில என்ன? நான் காணாத புகையா?"

"மேல போங்களன். எல்லாம் வெச்சிரிக்கன்."

எழும்பிப் போனார். தட்டில் வாட்டின பாணும் முட்டையும் பப்பாசியும் கொண்டுபோய் வைத்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து அதைப் படம் எடுத்தார். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம், இரண்டு பேரும். என் காக்கா கட்டிய அறையின் கதவை, அவர் உள்ளே இருக்க, வெளியே நின்று நான் தட்டினேன். அப்போது அது எனக்கு மரியாதையாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் பையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மிச்ச நாட்களுக்கு அட்டாளைச்சேனைத் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். ஏன் காக்கா, ஒரு கிழமைக்குத்தானே பதிந்தீர்கள் என்று கேட்டேன்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளெண்டுதானே சொல்லுவாங்க" என்று சிரித்தார். பகிடி விடுகிறார் என்று நானும் சிரித்தேன்.

அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்த பிறகு நட்சத்திரத்தைப் போட்டார். நாலு.

அதற்குக் கீழே, எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுகிற இடத்தில், தமிழில் எழுதியிருந்தார்: "வீடு சுத்தம். கடல் காற்று நல்லது. வீட்டுக்காரர்கள் என்னை ஒரு விருந்தாளியைப் போல மிகவும் நன்றாகக் கவனித்தார்கள்."

"நல்லாக் கவனிச்சதெண்டு எழுதிப்போட்டு நாலு போடுறாரே, இவரு எந்த ஊர் மனிசன்?" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். "பொறத்தியான் போட்டாப் போகுது. சொந்த மச்சானே கால வாரிட்டாரே."

நானும் சேர்ந்துதான் குதித்தேன். பொய் சொல்வதில்லை என்று இருக்கிறவருக்கு நாங்கள் கொடுத்த எதில் குறை கண்ணில் பட்டது? மூன்று நாளும் தரையில் கால் படாமல் வைத்திருந்தேனே! இரண்டாம் தரம் வாசித்தபோதும் கோபம்தான். மூன்றாம் தரம் வாசிக்கும்போது விருந்தாளி என்ற அந்த ஒரு சொல்லில் வந்து நின்றேன். மற்றவர்கள் எழுதினால் ஐந்து நட்சத்திரத்துக்கு உரிய சொல். என் காக்கா அதைத்தான் குறையாக எழுதியிருந்தார்.

போனை எடுத்து அவரோடு கதைக்க வேண்டும் என்று எழும்பினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வழக்கம் போலத் தன் வேலையைச் செய்துவிட்டார். காக்காவின் எழுத்துக்குக் கீழே எங்கள் பதில் ஒட்டிக்கொண்டு நின்றது. "அன்பான விருந்தினரே, உங்கள் கருத்துக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் சுட்டிக்காட்டிய குறையைத் திருத்திக்கொண்டு..."

"அழிங்க அத! என்ட காக்காவுக்கா இதப் போட்டீங்க? இப்பவே அழிங்க!"

போட்ட பதிலை அழிக்க முடியாதாம். மகளும் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். முத்திரையும் போனது. அது போனதற்கு நான் அழவில்லை. காக்கா அடுத்த தடவை போன் எடுத்தபோது என்னென்னவோ சொல்ல நினைத்து, மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்தேன். அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த தடவை அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஆப்பில் அந்த மாதம் முழுவதையும் மூடிவைத்தேன். இருக்கிற வாடகையையும் கெடுக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். போட்டால் போடட்டும். அட்டையைக் கிழித்தேன். நம்பர் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பூட்டைப் போடுவித்தேன். அந்தப் புதுச் சாரத்தை இரண்டு மூன்று தடவை தோய்த்துக் காயவைத்து, கடைக் கஞ்சி போன பிறகு அலுமாரிக்குள் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார். கையில் பை இல்லை. நேரே அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையை இழுத்துப் போட்டேன். பழஞ்சோற்றில் தயிரை ஊற்றி, பச்சைக் கொச்சிக்காயும் வெங்காயமும் கடித்துக் கடித்துச் சாப்பிட்டார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நன்றாகச் சிரித்துக் கதைத்தார். மேலே அறை சும்மாதான் கிடக்கிறது, பழைய பூட்டைப் போட்டிருக்கிறேன், சாரமும் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கையைக் கழுவி, பிளேன்டி குடித்து முடித்து, சேர்ட்டை உதறிக்கொண்டு எழும்பினார். எங்கே காக்கா, இப்போதுதானே வந்தீர்கள் என்றேன்.

"நேரமாகிட்டு தங்கச்சி. ஊட்ட போகணும்" என்று சொல்லிவிட்டு, அட்டாளைச்சேனை பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.