பல் விடாத சுவர்

நேற்று தம்பி அந்தோணி புது அறைக்கு அளவு பார்த்து, வீட்டின் கடல் பக்கம் முளை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் இராமநாதபுரம் பஸ்ஸில் வந்த மீன் வியாபாரி, ஓவர்சியர் வேலுச்சாமி நயினார்கோவிலில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். தம்பி கையிலிருந்த நூலை விடவில்லை.

நம் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர் யார்? சுதந்திரம் வந்த பிறகு குடிசைகளுக்குப் பதிலாகச் சர்க்கார் வீடு கட்டித் தந்தபோது வரைபடம் போட்டவர் அவர்தான். குடும்பத்துக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. மீதியை வசதி வரும்போது நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக ஊர்ப் பக்கச் சுவரின் ஓரங்களில் செங்கல்லை ஒன்று விட்டு ஒன்று வெளியே நீட்டி வைத்திருந்தார். கொத்தனார்கள் அதைப் 'பல்' என்பார்கள். புதுச் சுவர் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு பழையதோடு ஒன்றாகிவிடும். நாங்கள் அதில் வலையையும் தூக்குச்சட்டியையும் மாட்டிவிட்டு, பல்லிளிச்சான் வீடு என்று கேலி செய்தோம். "இளிக்கட்டும். நீங்க பிள்ளை பெறப் பெற அது வாயை மூடிக்கிரும்" என்பார்.

கடல் பக்கச் சுவரில் மட்டும் பல் கிடையாது, ஜன்னலும் கிடையாது. சண்டை அங்கேதான் வந்தது. ஆள் கடலில் இருக்கும்போது நம் பெண்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டோம். வயற்காட்டில் பிறந்தவருக்கு இது எங்கே தெரியப்போகிறது? அந்தோணிக்குக் கல்யாணமாகி இன்னோர் அறை தேவைப்பட்டபோது, கடலைப் பார்த்துத்தான் கட்டவேண்டும் என்று அம்மா ஒரே பிடியாய் நின்றாள். ஓவர்சியர் வந்து கத்தினார். கடலைக் கண்டு பயப்படுகிறவர் மதுரையில் போய் வீடு கட்டட்டும் என்று நான் மூஞ்சிக்கு நேரே சொன்னேன்.

"பயம்தான் தாயி. ஒருநா அது இங்கன வரும்" என்று தன் காலடி மணலைக் காட்டினார்.

கடைசியில் அம்மாவிடம் இறங்கி வந்தார். "கட்டுங்க ஆத்தா. ஆனா பழைய சுவத்தக் கொத்திப் பல் எடுக்கக் கூடாது. புது ரூம் ஒட்டாமத் தனியா நிக்கட்டும். போறது தனியாப் போகட்டும், இருக்கறத இழுத்துக்கிட்டுப் போயிறக் கூடாது."

வீடு கட்டுகிற இடத்தில் பேசுகிற பேச்சா இது! அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனாலும் அவர் சொன்னபடியே கட்டினோம்.

மார்கழிப் புயலன்று அந்தோணி கடலில் இருந்தான். வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகும், மகனுடைய வள்ளம் கண்ணில் படாமல் அந்த அறையை விட்டு வரமாட்டேன் என்றாள் அம்மா. கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். தம்பியின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து பழைய அறைக்குள் நுழைந்தேன். அம்மாவுக்காகத் திரும்புவதற்குள் ஒரு சத்தம். எங்கள் சுவர் அசையக்கூட இல்லை. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், அந்த அறை இருந்த இடத்தில் வெறும் மணல். அந்தோணி மண்டபம் ஊர்ப் பக்கம் கரையேறி உயிரோடு வந்தான். அம்மா கிடைக்கவே இல்லை.

ஓவர்சியர் வந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீறல் விழாத அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டார்: "பல் விட்டுக் கட்டியிருந்தா அந்த ரூம் நின்னிருக்குமோ தாயி?"

நின்றிருக்காது, எங்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. பென்ஷன் வாங்கிய பிறகும் பஸ் ஏறி வந்து, சுவரைத் தொட்டுவிட்டு அதையேதான் கேட்டார். பாவி மனிதர், அந்தக் கேள்வியோடுதான் போய்ச் சேர்ந்திருப்பார்.

அவர் கேட்டதை அந்தோணியும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், படுக்க இடமில்லை. "இந்தத் தடவை பல் எடுத்தே கட்டிருவம்க்கா. நின்னிருக்குமோன்னு ஓவர்சியரே கேட்டாருல்ல" என்கிறான். நாளைக்குக் கொத்தனார் வருகிறார்.

நம் குடியிருப்பில் உங்களில் பலருக்கும் இந்த யோசனை இருக்கிறது என்று தெரியும். ஓவர்சியர் ஐயா, உங்கள் கேள்வி உங்களோடு போகட்டும். நீங்கள் அம்மாவிடம் சொன்னதை நான் வைத்துக்கொள்கிறேன். இன்று காலை அந்த நூலை அறுத்து ஊர்ப் பக்கப் பல்லில் கட்டினேன். மத்தியானம் பார்த்தால் அது மறுபடியும் கடல் பக்கம் இருக்கிறது. இருக்கட்டும். கொத்தனார் வரும்போது நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அதைக் கொத்தவேண்டுமென்றால் முதலில் என்னை எழுப்ப வேண்டும்.