வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

சில வருடங்களுக்கு முன், கொல்கத்தாவில் மாநகராட்சித் தேர்தல் வந்த குளிர்காலத்தில் நடந்தது இது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். கணவருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிவிட்டதால் வாக்காளர் அட்டையையும் இந்த ஊருக்கே மாற்றிக்கொண்டிருந்தோம்.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. காலிங் பெல் அடித்தால் முதலில் சந்தேகம் வரும், பிறகுதான் கதவைத் திறப்பேன். பூஜை வசூலுக்கு வருகிறவர்கள், கட்சிக்காரர்கள், யாராக இருந்தாலும் என்னிடம் ஒரே பதில்தான். "ஆமி பாங்லா ஜானி நா." எனக்கு வங்காளி தெரியாது என்று அர்த்தம். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசும்போது மட்டும் அது சரளமாக வந்துவிடும். இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் செய்கிற தந்திரம்தான் இது, நான் கண்டுபிடித்ததல்ல.

அன்று வந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, கையில் வாக்காளர் பட்டியல். எங்கள் வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தான் சுயேச்சையாக நிற்பதாகவும், மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் லீவும் கேட்கப்போவதாகவும் சொன்னார். வேட்பு மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட இந்த வார்டுக்காரர் ஒருவர் வேண்டும். ஒப்புக்கொண்டிருந்தவர் பயந்து பின்வாங்கிவிட்டாராம்.

வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் ஹிந்திக்கு மாறினார். அதுவும் தெரியாது என்று கையை விரித்தேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு வேலைக்கார மாஷிக்கு திடீரென்று இருமல் வந்தது. என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டபடி நாலு வருடமாக என்னிடம் வங்காளியில் திட்டு வாங்குகிறவள் ஆயிற்றே!

அந்தப் பெண் இறங்கிப் போனதும் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் பைக்கில் வந்து நிற்க, அந்தப் பெண் பின்னால் ஏறிப் போனார். அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி பெயரில் மனு, நாற்காலியில் புருஷன். இந்தக் கூத்தை எத்தனை ஊரில் பார்த்தாயிற்று! அதோடு லீவு விஷயம் வேறு உறுத்தியது. மாஷிக்கு வாரம் ஒரு நாள் லீவு என்றால் அன்றைக்குப் பாத்திரம் தேய்ப்பது யார்? மார்க்கெட்டுக்குத் தினமும் போகிற எனக்கு, அங்கே விற்கிற பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்ற கேள்வி மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் அவர் மறுபடி வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தால், தமிழ்! முதல்நாள் என்னிடம் சொன்னதையெல்லாம், மார்க்கெட்டில் நாங்கள் அப்பளமும் காப்பிப்பொடியும் வாங்கும் கடைக்காரரிடம் சொல்லித் தமிழில் எழுதி வாங்கியிருக்கிறார். கீழே அவருடைய போன் நம்பர். தாளின் கடைசி வரியை இன்றும் மறக்கவில்லை. 'இந்தக் கட்டடத்தில் முடியாது என்று சொல்லாத ஒரே வீடு உங்களுடையது. பாஷைதான் பிரச்சினை என்றீர்கள், அதனால் திரும்ப வந்தேன்.'

எனக்கு முகம் சுட்டது. அப்போதும் சந்தேகம் விடவில்லை. இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. தப்பிக்க வேறு வழியில்லாமல் அரைகுறை வங்காளியில் சொன்னேன், "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன்."

அவர் முகத்தில் கோபம் இல்லை, இந்தப் பதிலை ஏற்கெனவே பல வாசல்களில் கேட்டிருப்பார் போல. "கேளுங்க தீதி. நாளைக்கு மத்தியானம் மூணு மணியோட மனு குடுக்கிற நேரம் முடியுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

திரும்பவும் பால்கனிக்கு ஓடினேன். வேலை முடிந்து இறங்கிய மாஷி அவரோடு பேசியபடி தெருமுனை வரை போனாள். லீவு கேட்கத் தூண்டிவிடுகிறாள் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்து, எங்கள் வாசலில் போனைப் பார்த்தபடி நின்றார். ஒரு பைக் வந்தது. நேற்றைய ஆள் ஒல்லி, இவர் நல்ல பருமன். ஹெல்மெட்டைத் தூக்கி அவர் கேட்டது மேலே வரை கேட்டது. "ஓடிபி சொல்லுங்க மேடம்." அந்தப் பெண் நாலு எண்களைச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வாடகை பைக்! அவரை இயக்குவதாக நான் நினைத்த புருஷன் அங்கே இல்லவே இல்லை. புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது நான்தான். வெட்கத்தில் கணவரிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தாளில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். இந்த முறை நல்ல வங்காளியில், கையெழுத்துப் போட வருகிறேன் என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. "கிடைச்சிடுச்சு தீதி. உங்க வீட்டிலேருந்துதான் கிடைச்சது."

திரும்பிப் பார்த்தேன். மாஷி சோப்பு நுரைக் கையோடு தொட்டியருகே நின்றிருந்தாள். பக்கத்துக் குடிசைப் பகுதிதான் அவள் வீடு, இதே வார்டு. ராத்திரியே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று மிரட்டிவிட்டுப் போனார்களாம். "பயமா இல்லையா? வீட்ல கேட்டியா?" என்றேன்.

"என் பேரை எழுத யார்கிட்ட கேக்கணும் பௌதி?" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

அந்தப் பெண் ஜெயிக்கவில்லை, மூன்றாவதாகத்தான் வந்தார். மார்க்கெட்டில் கழிப்பறையும் வரவில்லை. மாஷிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு மட்டும் எங்கள் வீட்டில் வந்தது. சந்தேகம் என்னை விட்டு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போதும் பெல் அடித்தால் அதுதான் முதலில் எட்டிப் பார்க்கிறது, ஆனால் அது வெளியே நிற்பவரைப் பார்ப்பதற்கு முன் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறது.