நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு

மாரிசெல்வியை ஒன்பதாம் வகுப்பு நடுவில் எங்கள் படப்பைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தவள் அவள் அம்மா பேச்சி. திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவ அப்போதுதான் வந்திருந்தாள். "இவளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது டீச்சர். பாஸானாப் போதும்" என்றாள். டீச்சர் முன்னால் சொந்தப் பிள்ளையை மட்டம் தட்டிப் பேசுவது ஒரு மரியாதை. எல்லா அம்மாக்களும் செய்வதுதான், என் அம்மாவும் செய்திருக்கிறாள். நான்தான் அதை அப்படியே நம்பித் தொலைத்தேன்.

கணக்கு டீச்சர் நான். நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும் என்று தலைமையாசிரியர் எங்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம். பத்தாம் வகுப்பில் சுமாரான பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, பாஸ் மார்க்குக்கு மட்டும் போதுமான கணக்குகள் அடங்கிய ஒல்லிப் புத்தகம் ஒன்றைக் கொடுப்போம். அவளிடமும் ஒன்றை நீட்டினேன், ஒரே ஒரு கணக்கைக்கூடப் போடச் சொல்லிப் பார்க்காமல். "இதைத் தாண்டி நீ எதையும் தொட வேணாம்" என்றேன்.

தொடவில்லை. திருப்புதல் தேர்வில் நாற்பத்தாறு மார்க்குக்கு எழுதி நாற்பத்தாறும் வாங்கினாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மற்ற கேள்விகளுக்கு நம்பர்கூடப் போடவில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அப்பாடா, பாஸ் என்று அடுத்த தாளை எடுத்தேன். பொதுத்தேர்விலும் அதே கதைதான். ப்ளஸ் டூவை எப்படியோ முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் அவளோடு ஒரே உற்பத்தி லைனில் வேலை செய்யும் காவேரி. அவள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"லைன்ல கணக்குல இன்னா டவுட்னாலும் இவகிட்டதான் டீச்சர் கேப்போம். லைன் லீடர் டெஸ்ட்டுக்குப் பேர் குடுன்னு சூப்பர்வைசர் தலபாடா அடிச்சிக்கிறாரு. இன்னிக்கிதான் கடைசி நாளு. மாட்டேன்றா."

"அதெல்லாம் நல்லா படிச்ச பிள்ளைகளுக்குல்லா" என்றாள் மாரிசெல்வி.

நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குக் கணக்கு நல்லா வரும்டி. நான்தான் தப்பு பண்ணிட்டேன். எழுதினா பாஸ் பண்ணிடுவே, பேர் குடு" என்று கெஞ்சினேன்.

அவள் சிரித்தாள். துளிக் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"சும்மா சொல்லாதீங்க டீச்சர். என்னையப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

ஒரகடம் வந்ததும் எனக்கும் சேர்த்து ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.