ஜி, இசட், ஐந்தெழுத்து

அண்ணன் மகள் செல்லில் ஏதோ வார்த்தை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஜி, இசட் இரண்டும் வருகிற ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை வேண்டுமாம். என்னைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தட்டிப் பார்த்துவிட்டாள். வார்த்தைகள் வரிசையாக வந்து விழுந்தன, பக்கத்திலேயே அர்த்தத்தோடு. "காஸ். சல்லடை மாதிரி மெல்லிசான துணி," என்று வாசித்தாள்.

"அது தப்பான அர்த்தம்," என்றேன்.

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிரவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பிறகு அவருக்குப் பேப்பர்தான் உலகம். நான் நாலு வார்த்தை பேசினால் ஒரு 'உம்' கிடைக்கும். இதே மனுஷர்தான் ஒரு காலத்தில் எனக்குத் தினமும் தவறாமல் பதில் அனுப்பியவர்.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காஸ் என்கிற ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்கிற கம்பெனி. எனக்கு செக்கிங். கீழே லைட் எரிகிற கண்ணாடி மேஜையில் துணியைப் பரப்பி, அறுந்த நூல் இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் வடக்கே எங்கேயோ மலையில் இருந்தார். எங்கே என்று அவர் சொல்லக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. கல்யாணமான புதிது, போனில் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, இல்லை. அதோடு சரக்கு தீர்ந்துவிடும்.

கூட இருந்தவர்கள் ஆடுவதைப் பார்த்து அவர்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தார். ஒருவர் மனதில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை நினைத்துக்கொண்டு, அது எத்தனை எழுத்து, அதில் வருகிற இரண்டு எழுத்து எவை என்று மட்டும் சொல்வார். மற்றவர் கண்டுபிடித்து அர்த்தமும் சொல்ல வேண்டும். அகராதி அர்த்தம் செல்லாது என்பது நான் போட்ட சட்டம். நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தமோ அதுதான் செல்லும். ரிவர் என்றால், பிளவக்கல் அணைப் பக்கம் மழை பெய்தால் மட்டும் வருவது. கொயட் என்றால், "உங்க அம்மா ஊருக்குப் போயிருக்கையில நம்ம வீடு" என்று அனுப்பினார். மகராசனுக்கு வாய்க்கொழுப்பு. திட்டிவிட்டுத்தான் பாயிண்ட் கொடுத்தேன்.

பஸ் ஜன்னலில் கோபுரம் மறைவதற்குள் கேள்வியை அனுப்பிவிடுவேன். கம்பெனிக்குள் செல் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு பெல் அடித்ததும் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கு முன்னால் செல்லைத்தான் எடுப்பேன். பதில் வந்திருக்கும். பதில் வந்திருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் ஐந்தெழுத்து, ஜி, இசட் என்று அனுப்பினேன். "கிரேஸ். அர்த்தம்: லீவு நாள்ல ஒன் தம்பிக்கு உத்தியோகம்" என்று வந்தது. மேய்வதைச் சொல்கிறாராம். என் தம்பி ஊர்மேய்வது ஊருக்கே தெரியும்தான். அது இல்லை, வேற யோசிங்க என்று எழுதினேன்.

மறுநாள் பதில் இல்லை. டவர் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் இல்லை. போட்டால் சுவிட்ச் ஆஃப். டிபன் பாக்ஸைத் திறக்காமல் பையிலேயே வைத்தேன். பக்கத்து மேஜை அக்கா, "பட்டாளத்துல இதெல்லாம் சகஜந்தான் ஏட்டி, சாப்பிடு," என்றார். அவர் புருஷன் மில்லுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு வந்து சேர்கிறவர். எனக்கு அந்த அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. புதுக் கேள்வியும் நான் அனுப்பவில்லை. அனுப்பினால், பழைய கேள்விக்கு இனிப் பதில் வராது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் பையைத் திறந்தபோது செல்லில் அவர் பெயர் இருந்தது.

"காஸ். அர்த்தம்: இப்ப என் எடது கையச் சுத்திக் கெடக்கது. வண்டி சரிவுல உருண்டுருச்சு. பயப்படாத, நல்லாத்தான் இருக்கேன். நீ பாத்த துணியாக்கூட இருக்கும். சரியா, தப்பா?"

அழுதேன். சரி என்று அடிக்கக்கூட விரல் வரவில்லை. அக்காதான் செல்லை வாங்கி அடித்து அனுப்பினார். அவர் கண்ணிலும் தண்ணீர். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே துணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "எம்புட்டு நேரம் ஏட்டி அதையே பாப்ப?" என்றார் அக்கா.

"யாருக்குச் சுத்தப் போறாகளோக்கா," என்றேன். பிறகு அக்காவும் தன் துணியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

இப்போது என் வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. அந்த டவுன் பஸ்ஸும், பெல் எப்போது அடிக்கும் என்று தவித்த தவிப்பும் திரும்ப வேண்டும் போல் சில நாள் இருக்கும். பக்கத்தில் இருக்கிற மனுஷரை வைத்துக்கொண்டு, தூரத்தில் இருந்த மனுஷருக்கு ஏங்குகிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"தப்புன்னா, சரியான அர்த்தம் என்னத்த?" என்றாள் அண்ணன் மகள்.

நான் சொல்வதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆளு உசுரோட இருக்கான்னு அர்த்தம்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியா, தப்பா?"

"சரி," என்றேன். இந்தத் தடவை நானே சொன்னேன்.