கோட்டுக்குள் நின்ற பெண்களும் வேலியோரம் நின்ற அப்பாக்களும்

இந்த வேலையில் முதலில் காதில் விழுவது "ச்சே" என்ற சத்தம். பந்து எங்கே போனது என்று அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். பெண்கள் கூடைப்பந்துக்கு மாஸ்டராக இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். இல்லாதவர்கள், கோயில் திருவிழாவில் சமையல் பொறுப்பை ஏற்றிருந்தால் அதை நினைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய அதே வேலைதான். சாப்பிட்டுக்கொண்டே திட்டுவார்கள்.

என்னைத் தேர்ந்தெடுத்த காரணம்

ஜொகூர் பாருவில் ஓர் ஐஸ் ஆலையில் எனக்கு இராத்திரி வேலை. விடிந்ததும் அறைக்கு வந்து படுப்பேன்; தூக்கம் வராது. பகலில் தூக்கம் வராத தனி ஆளுக்குப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிங்கப்பூரில் பழைய புத்தகக் கடையில் அள்ளி வந்தவற்றில், பெண்கள் கூடைப்பந்து விதிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. அட்டை கிழிந்துபோனதால், பாதி படிக்கும்வரை அது எந்த விளையாட்டு என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் முழுக்கப் படித்தேன். படித்ததைக் காப்பிக் கடையில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் ஊர் மிஷன் பெண்கள் கல்லூரியில் (கல்லூரி என்று பலகையில் இருக்கும், உள்ளே பள்ளிக்கூடம்தான்) விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போய்விட்டார். தலைமையாசிரியை வெள்ளைக்காரப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் பெரிய மிஸ். சென்னையில் புத்தகம் வைத்துத் தமிழ் படித்துவிட்டு வந்தவர். அவர் கூப்பிட்டனுப்பினார். நான் அந்தப் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பிற்பகல் மூன்று மணிக்கு வேலையின்றி இருக்கும் ஆண்மகன் இவ்வூரில் தாங்கள் ஒருவரே."

மூன்று கட்டம்

அந்தப் புத்தகத்தின்படி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் எங்கள் பெண்கள் மூன்று பேர், எதிரணியில் மூன்று பேர். யாரும் தன் கட்டத்தைத் தாண்டக் கூடாது. பந்து மட்டும் தாண்டலாம். பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று எங்கேயோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். விதி என்னுடையது அல்ல. கோடு போட்டவன் நான்.

ஆட்டம் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில். வேலியோரம் முழுக்க அப்பாக்கள். எல்லாரும் கால்பந்து பார்த்துப் பழகியவர்கள். எங்கள் அணியில் குறி பார்த்துக் கூடையில் போடுகிற பெண் செல்வநாயகி ஒருத்திதான். பந்து அந்தக் கோடியில் கிடக்கும்போது அவள் இந்தக் கோடியில் கூடைக்கு அடியில் நிற்பாள். "ஓடு, ஓடு" என்று வேலியோரமிருந்து கத்துவார்கள். அவள் கோட்டைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். ஒவ்வொருவரிடமும் போய் விதியை விளக்கினேன். விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டவர்கள் அடுத்த வாரம் இன்னும் உரக்கக் கத்தினார்கள்.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா; கோடுகளோடேயே வாழ்கிறவர். அவருக்காவது புரியும் என்று நம்பினேன்.

"மாஸ்டர், நான் பிள்ளையை அனுப்பினது படிக்கவோ, இல்லை வேலிக்கட்டையா நிக்கவோ?"

தூக்கம்

இராத்திரி முழுக்க ஆலையில் நின்றவனுக்கு, படுக்கையில் வராத தூக்கம் மைதானத்து நாற்காலியில் வந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை பாதி ஆட்டத்தில் கண் அசந்துவிட்டேன். எழுந்தபோது நாங்கள் ஜெயித்திருந்தோம். ஜெயித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மாஸ்டர் தூங்கினார் என்பது ஊர் முழுக்கப் போனது.

அடுத்த வாரம் இரண்டு குவளை கறுப்புக் காப்பி குடித்துவிட்டு, கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிக்கு அடி யோசனை சொன்னேன். தோற்றோம். காப்பி போட்டுக் கொடுத்த கடைக்கார ராவுத்தர் வேலியோரமிருந்து எழுந்து வந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"மாஸ்டர், அடுத்த வாரம் கொஞ்சம் தூங்குங்க."

மழை

சிங்கப்பூரிலிருந்து ஓர் அணி பஸ்ஸில் பாலம் தாண்டி வந்த அன்று, ஆட்டத்துக்கு முன்னால் மழை கொட்டிவிட்டது. கோடெல்லாம் கரைந்து பால் மாதிரி ஓடியது. நடுவராக வந்த டீச்சருக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கோடு இல்லாமலே ஆடட்டும் என்றார்.

ஓடினார்கள். இரண்டு அணிப் பெண்களும் ஒரே கும்பலாகப் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். முழங்கால்வரை சேறோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு முன்னால் ஓடியவள் செல்வநாயகி. அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாக்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கூடைக்கு அடியில் நிற்க ஆளில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி மட்டும் களைத்துப்போய் எங்கள் பக்கத்துக் கூடைக்கு அடியில் நின்றுவிட்டாள். வந்த பந்தையெல்லாம் அவளே கூடையில் போட்டாள். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் ரப்பர் தோட்டத்துக் கங்காணி முனியாண்டி, மகளின் பாவாடைச் சேற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட விடச் சொன்னோம் மாஸ்டர். மாடு மாதிரி அவுத்து விடச் சொல்லல."

தையல்

நின்றார்கள், மாஸ்டர் தூங்கினார், சேற்றில் ஓடினார்கள்: எல்லாம் பெரிய மிஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை புகார் வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு அந்த நேரங்களைத் தையலுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பெண்களுக்கும் அது தெரிந்துவிட்டது. பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் செல்வநாயகி கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். நேரமாகிறது, வீட்டுக்குப் போ என்றேன். பந்தை என்னிடம் கொடுக்கவில்லை.

"இந்த வருசத்தோட எனக்குப் படிப்பு முடியுது மாஸ்டர். பிறகு வீட்டுக்குள்ளதான். தையல் அங்கயும் இருக்கு."

புகார்

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். கிராணியும் ராவுத்தரும் கங்காணியும் நேராகப் பெரிய மிஸ்ஸின் அறைக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். வாசலில் செல்வநாயகி பந்தை அணைத்துக்கொண்டு நின்றாள். என் குறைகளை அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மறுக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

பெரிய மிஸ் முழுக்கக் கேட்டுவிட்டு, "நன்று. இனி விளையாட்டு இல்லை. பெண்கள் தையல் பயிலட்டும். மாஸ்டர் ஓய்வு பெறட்டும்" என்றார்.

கங்காணி ராவுத்தரைப் பார்த்தார். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தையலை வேலியில நிண்டு பார்க்கேலாது மிஸ்" என்றார் கிராணி. பிறகு வாசல் பக்கம் பார்க்காமல், "என்ட பிள்ளை சும்மா நிண்டாலும் பரவாயில்லை. நான் பார்க்க வேணும்" என்றார்.

அப்படியானால் மாஸ்டரை மட்டும் மாற்றிவிடலாமா என்று பெரிய மிஸ் கேட்டார். ராவுத்தர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"வேணாம் மிஸ். புது ஆளுன்னா முதல்லேருந்து திட்டணும்."

ஆளை மாற்றாமல் திட்டிக்கொண்டிருப்பதும் ஒருவகை ஆதரவுதான் என்று எடுத்துக்கொண்டு, செல்வநாயகி நீட்டிய பந்தை வாங்கி மடியில் வைத்து, அவிழ்ந்திருந்த அதன் தோல்வாரை இழுத்துக் கட்ட உட்கார்ந்தேன்.