ஆறு வார ரொட்டி

அக்கா இறந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. கடைசி வருடம் முழுவதும் எதைத் தின்றாலும் வயிற்றுப்போக்கு. வயிறு மட்டும் ஊதி, கையும் காலும் குச்சியாகிப் போயின. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பூசாரி வந்து தாயத்துக் கட்டினார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடலில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அதன்பிறகு அவள் இரண்டு மாதம்தான் இருந்தாள்.

எனக்கு முப்பத்து மூன்று நடக்கும்போது அதே மாதிரி ஆரம்பித்தது.

இராகலை டவுனில் ஒரு தையல் கடையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் அம்மா சுட்டுத் தரும் இரண்டு கோதுமை ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு தின்றுவிட்டு பஸ் ஏறுவேன். மெஷினில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் வயிறு இரையத் தொடங்கும், பாவாடை நாடா இறுகும். தைத்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் ஓடுவேன். கடைக்கார அக்கா முதலில் கேலி பண்ணினாள். ஒருநாள் எனக்கே அளவெடுத்து ரவிக்கை வெட்டியபோது அளவு நாடாவை இரண்டாம் தடவையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஒங்க அக்காவுக்கும் இப்படித்தானே தொடங்குச்சு?" என்றாள்.

அன்றிலிருந்து கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் கன்ன எலும்பில் அக்கா தெரிந்தாள்.

சாப்பாட்டில்தான் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றியது. மகளுடைய பழைய கொப்பி ஒன்றில் என்ன தின்றேன், எத்தனை முறை போனேன் என்று எழுதி வைத்தேன். முதலில் பால் தேத்தண்ணியை நிறுத்தினேன். கொஞ்சம் பரவாயில்லை போலிருந்தது, பிறகு பழையபடி ஆனது. பருப்பை நிறுத்தினேன். மிளகாயை நிறுத்தினேன். ரொட்டியைச் சந்தேகப்படவே இல்லை. பிறந்ததிலிருந்து தின்பது அது. தண்ணீரைச் சந்தேகப்படுவதுபோல் இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் மரக்கறி லொறியில் வேலை செய்கிறார். சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்து, நுவரெலியாவில் ஒரு லேப்பில் ஒரே ஊசியில் எல்லாச் சாப்பாட்டையும் பரிசோதித்துச் சொல்கிறார்களாம் என்றார். போய் இரத்தம் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு தாள் வந்தது, சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்களோடு. சிவப்பில் பால், முட்டை, கோதுமை, அரிசி, தேங்காய், பருப்பு, தக்காளி, கரட்.

"அப்ப எதத்தான் திங்கிறது?" என்றார் அவர்.

நான் அந்தத் தாளை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவித்த உருளைக்கிழங்கு, கீரை, வாழைப்பழம். இரண்டு மாதம் வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. அதனால் தாளை இன்னும் நம்பினேன். ஆனால் உடம்பு கரைந்துகொண்டே போனது. முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. ஒரு மத்தியானம் இராகலை பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண்விழித்தபோது நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அங்கே ஒரு டாக்டர், நடுவயதுச் சிங்களப் பெண். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் நேராகவே பேசினார். தாளை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பித் தந்தார்.

"நீங்க என்னென்ன சாப்பிட்டு வந்தீங்கன்னுதான் இது சொல்லுது. எது ஒங்களுக்கு ஆகாதுன்னு இதுக்குத் தெரியாது. சோறு சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க. இதுக்கு முந்தி எப்பவாவது ஒங்களுக்கு நல்லா இருந்திருக்கா?"

யோசித்தேன். சில வருடங்களுக்கு முன் நாட்டில் ஒன்றும் கிடைக்காமல் சனங்கள் வரிசை வரிசையாக நின்ற காலம் ஞாபகம் வந்தது. கோதுமை மா எங்களால் வாங்க முடியாத பொருளாகிவிட்டது. மாதக் கணக்காக மரவள்ளிக்கிழங்கும் கிடைத்த நேரம் கொஞ்சம் சோறும்தான். லயத்தில் எல்லோரும் இளைத்தார்கள். நான் மட்டும் தேறினேன். கன்னத்தில் சதை வைத்தது, அதுவரை அடிக்கடி வந்த தலைசுற்றல் போனது. இவள் மட்டும் ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என் காதுபடவே பேசினார்கள். இதை வெட்கத்தோடுதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய வயதையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

கோதுமையில் உள்ள ஒரு புரதம் சிலருடைய குடலை உள்ளேயே அரித்துவிடும் என்றார். சீலியாக் என்று பெயர் சொன்னார். இரத்தத்தில் பார்க்கலாம். ஆனால் இப்போது பார்க்க முடியாது.

"ரெண்டு மாசமா நீங்க கோதுமை தின்னல்ல. குடல் வருத்தம் இருந்தாலும் டெஸ்ட்ல இல்லன்னு காட்டும். திரும்பச் சாப்பிடணும். ஆறு வாரம், தினம் ரெண்டு ரொட்டி."

"வருத்தம் திரும்ப வருமே, மிஸ்."

"வரும். வந்தாத்தான் இரத்தத்துல தெரியும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மகள் மறுபடி ஒழுங்காகச் சாப்பிடப்போகிறாள் என்று மட்டும்தான் அவளுக்கு விளங்கியது. மறுநாள் காலை சுடச்சுட இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருகிய புள்ளிகளோடு, தேங்காய்ப்பூ மணத்தோடு, எப்போதும் போலத்தான் இருந்தது.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது வாரம் வயிறு ஊத ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண், ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்து விழுங்கினேன். நான்காவது வாரம் மெஷின் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை நடுங்கியது. கடைக்கு வரவேண்டாம், தேறியபிறகு வா என்று கடைக்கார அக்கா அனுப்பிவிட்டாள். வீட்டில் எல்லோரும் தோட்ட வேலைப் பெரட்டுக்கும் லொறிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, பனி மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து தின்பேன். விஷம் குடிப்பவர்கள் ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்ன வேண்டியிருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் தட்டைப் பிடுங்கி நாய்க்கு வீசினார். "போதும் விடு! ஒங்கக்காவ தூக்கிட்டுப் போன இந்தத் தோளால ஒன்னையும் தூக்கணுமா?"

"இன்னும் பதினோரு நாள்தாங்க. இப்ப விட்டா, இவ்வளவு நாள் தின்னதும் வீண்."

அவர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் இன்னொரு ரொட்டி எடுத்தேன். ஒன்பது வயது மகள் பக்கத்தில் சீருடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் சிலநேரம் இப்படி வயிறு உப்புதும்மா" என்றாள், சாதாரணமாக.

வகுப்பில் வரிசை நிற்கும்போது அவள்தான் எப்போதும் முதல் ஆள். அத்தனை குட்டை. எங்கள் வீட்டில் எல்லோரும் குட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுவும் இந்த வருத்தமாக இருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது.

ஆறு வாரம் முடிந்து இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது டாக்டர் எண்ணைச் சொல்லவில்லை, "நெனச்சது சரிதான்" என்று மட்டும் சொன்னார். கண்டிக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். விரல் விரலாக இருக்கவேண்டிய உட்புறம் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது, நல்லவேளையாகக் கட்டி எதுவும் இல்லை என்றார்கள். இனி உயிருள்ளவரை கோதுமை தொடக்கூடாது. கடைப் பெருங்காயத்தில்கூட மா கலந்திருக்கலாம், கவனம் என்றார்கள்.

நான் இதையெல்லாம் வீட்டில் சொல்லும்போது அம்மா மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அப்ப மூத்தவளுக்கும் இதானா?"

"தெரியாதும்மா. இருந்திருக்கலாம், இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க."

அம்மாவின் கை மாவுக்குள்ளேயே நின்றது. "அவ ஏலாமக் கெடந்தப்ப கஞ்சி எறங்கலன்னு சொன்னா. ரொட்டிய மெல்லிசாச் சுட்டு, பால்ல நனச்சு ஊட்டுனேனே புள்ள. ஒரு வாய், இன்னொரு வாய்னு கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுனேனே."

எழுந்துபோய்க் கை கழுவினாள். மா போனபிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். நான்தான் போய்ப் பைப்பை மூடினேன். அதன்பிறகு செய்வினை என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. அது இருந்தவரை அவளுக்கு யாரையாவது திட்ட முடிந்தது.

இப்போது எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அரிசி மா ரொட்டி, குரக்கன் மாப் பிட்டு, சோறு. ஆறு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது. கடைக்குத் திரும்பவும் போகிறேன்.

மகளுக்கும் இரத்தம் பார்த்தோம். இல்லை என்று வந்தது. நான் அழுதுவிட்டேன். டாக்டர் என்னை அழவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "இப்ப இல்ல. பின்னால வரலாம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பாப்போம், வயிறு உப்புறது கூடினா முந்தியே கூட்டிட்டு வாங்க."

"அப்ப அவளுக்கும் மாவ நிறுத்திடட்டுமா, மிஸ்?"

"நிறுத்தாதீங்க. நிறுத்தினா அடுத்த தடவ நமக்கு ஒண்ணும் தெரியாது."

அதனால் அம்மா சுட மாட்டேன் என்றுவிட்ட ரொட்டியை இப்போது நான்தான் காலையில் சுடுகிறேன், மாத்தூசி ஏறாமல் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மகளுக்காக. அவள் பள்ளிக்கூட அவசரத்தில் தின்கிறாள், வாய் நிறைய ஏதோ கதை சொல்லிக்கொண்டே. நான் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்க்கிறேன். "என்னம்மா பாக்குற?" என்கிறாள். சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறதோ என்று பார்த்தேன் என்று சொல்கிறேன்.